குடியுரிமையை விட்ட பிறகு சுங்கை சிப்புட்டுக்கு வரலாமா?

பெர்த்திலிருந்து கேட்டிருக்கும் சகோதரிக்கு வணக்கம். உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் ஊரின் எல்பில் தோட்டத்தில் பிறந்தவர் நீங்கள். பத்து வருஷத்துக்கு முன் மலேசியக் குடியுரிமையை விட்டுவிட்டு ஆஸ்திரேலியப் பிரஜை ஆகிவிட்டீர்கள். கடப்பிதழில் பிறந்த இடம் சுங்கை சிப்புட் என்று இருக்கிறதே, விமான நிலையத்தில் மடக்குவார்களா என்பது முதல் பயம். அலமாரியில் கிடக்கும் பழைய ஐசியை, அதாவது மலேசிய அடையாள அட்டையை, கையோடு கொண்டு வரலாமா என்பது அடுத்தது. மூன்று வருஷத்துக்கு முன் காலமான அப்பா உயில் எழுதாமல் விட்டுப்போன டவுன் வீட்டில் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவே உங்களுக்கும் பங்கு உண்டா என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: என் ஊருக்கு வர எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா? முறைப்படி விட்டிருந்தால் உரிமை போய்விட்டது, ஆனால் வரலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் நான் எழுதப்போகும் அத்தனையும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வழக்கறிஞர் இல்லை. சுங்கை சிப்புட்டில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் முப்பது வருஷம் கிராணியாக (எழுத்தராக) இருந்தவன். பாதி ஆயுள் பாரம் நிரப்புவதில் போனது. அதனால் சட்டம் இப்படிச் சொல்கிறது என்று நான் எழுதுவதை நம்பலாம். அதிகாரி எப்படி முடிவெடுப்பார் என்பது அவர் மேசையைப் பொறுத்தது, அதற்கு நான் ஜாமீன் தர முடியாது.

உங்கள் கேள்வியில் என் கண்ணில் உறுத்திய சொல் 'விட்டுவிட்டேன்' என்பது. எப்படி விட்டீர்கள்? எங்கள் அலுவலகத்துக்கு வந்த வெளிநாட்டுப் பிள்ளைகளில் பலர் இதே சொல்லைத்தான் சொல்வார்கள். தோண்டிக் கேட்டால், ஆஸ்திரேலியாவில் உறுதிமொழி எடுத்து சர்ட்டிபிகேட் வாங்கியதையே மலேசியாவை விட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது விட்டதாகாது. மலேசிய அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. 21 வயது நிறைந்த, சித்தசுவாதீனமுள்ள ஒருவர், வேறு நாட்டுப் பிரஜையாக இருந்தால் அல்லது ஆகப்போகிறார் என்றால், தன் மலேசியக் குடியுரிமையைத் துறப்பதாக அறிவிக்கலாம். அந்த அறிவிப்பை அரசாங்கம் பதிவு செய்த பிறகுதான் குடியுரிமை முடிகிறது. அதற்கான பாரம்தான் 'போராங் கே'. வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள மலேசியத் தூதரகத்தில் கொடுக்கலாம். பெர்த்திலேயே ஒரு துணைத் தூதரகம் இருக்கிறது. அங்கிருந்து காகிதம் புத்ராஜெயாவில் இருக்கும் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போய், பதிவாகி, கடிதமாகத் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். அந்தக் கடிதம் உங்களிடம் இருக்கிறதா?

சிங்கப்பூருக்குப் போனவர்களுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. அங்கே பழைய குடியுரிமையைத் துறந்ததற்கு அத்தாட்சி காட்டாமல் புதியது கையில் வராது. ஆஸ்திரேலியா அப்படிக் கேட்பதில்லை. இரண்டு குடியுரிமை வைத்துக்கொண்டால் அதற்குக் கவலையும் இல்லை. அனுமதிக்காதது மலேசியாதான். ஆகவே சிக்கல் முழுவதும் இந்தப் பக்கத்தில்தான்.

பாரம் கொடுத்து, ஐசியையும் மலேசியக் கடப்பிதழையும் ஒப்படைத்து, பதிவுக் கடிதமும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் உங்கள் நிலை தெளிவு. அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவு, எந்தக் குடிமகனையும் நாடு கடத்தக் கூடாது, உள்ளே வரவிடாமல் தடுக்கவும் கூடாது என்கிறது. அந்தக் கவசம் இனி உங்களுக்கு இல்லை. இனி நீங்கள் மெல்பர்னில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரருக்குச் சமம். அவருக்கு என்ன விதியோ உங்களுக்கும் அதே விதி. நல்ல விஷயம் என்னவென்றால், அந்த விதி கடுமையானதல்ல. ஆஸ்திரேலியக் கடப்பிதழுக்குச் சுற்றிப்பார்க்க வருவதற்கு விசா வேண்டாம், 90 நாள் வரை தங்கலாம். கடப்பிதழுக்கு இன்னும் ஆறு மாதமாவது உயிர் இருக்க வேண்டும். வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து இது கட்டாயம். இது இலவசம். குடிநுழைவுத் துறையின் சொந்தப் பக்கத்தில்தான் நிரப்ப வேண்டும். காசு கேட்கும் பக்கம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

பிறந்த இடம் சுங்கை சிப்புட் என்று இருப்பது குற்றமல்ல. அதை மறைக்கவும் வழியில்லை, மறைக்கத் தேவையுமில்லை. ஒருமுறை நானே பக்கத்து வரிசையில் நின்று பார்த்தது: முன்னால் நின்ற நம்மவர் ஒருவரின் வெளிநாட்டுக் கடப்பிதழைப் புரட்டிய அதிகாரி, பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஐசி அடா?" என்றார், ஐசி இருக்கிறதா என்று. "சுடா தாக் அடா, எஞ்சேக்," (இப்போது இல்லை ஐயா) என்று நம்மவர் சொல்லி, துறந்த கடிதத்தின் நகலை நீட்டினார். அதிகாரி அதை முழுசாகக்கூடப் படிக்கவில்லை. "பாலிக் கம்போங்?" (சொந்த ஊருக்கா?) என்று கேட்டுக்கொண்டே முத்திரை குத்திவிட்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. எல்லா முகப்பிலும் இதே மாதிரி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டதற்கு உள்ளதைச் சொல்லி, காகிதம் கையில் இருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. திரும்பும் டிக்கெட்டின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம் என்றாலும், முதல் தடவைக்கு ஆள் இருக்கும் முகப்புக்கே போவது நல்லது என்பது என் கருத்து. கேள்வி வந்தால் பதில் சொல்ல எதிரே ஒரு முகமாவது இருக்கும்.

இனி மற்றொரு வகை. பாரம் கொடுக்கவே இல்லை, ஆஸ்திரேலியச் சர்ட்டிபிகேட் மட்டும்தான் என்றால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் மலேசியப் பிரஜைதான். வேறு நாட்டுக் குடியுரிமையை வலிய வாங்கிக்கொண்டவரின் குடியுரிமையை அரசாங்கம் ஓர் உத்தரவின் மூலம் பறிக்கலாம் என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. அதில் உள்ள சொல் 'பறிக்கலாம்' என்பதுதான். தானாகப் போய்விடும் என்று இல்லை. உத்தரவு போடுவதற்கு முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், விசாரணை கேட்கவும் உங்களுக்கு வழி உண்டு. அதனால்தான் இருபது வருஷம் இரண்டையும் வைத்துக்கொண்டு யாரும் கேட்காமல் வந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து 'ஒன்றும் ஆகாது' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வழக்கம், சட்டமல்ல. உள்ளே வர ஒரு கடப்பிதழ், வெளியே போக இன்னொன்று என்று மாற்றி மாற்றி நீட்டுவதை மட்டும் செய்யவே வேண்டாம். இந்த வகையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கிளம்புவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசி, பாரத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டு வாருங்கள்.

எந்த வகை என்று உங்களுக்கே நினைவில்லை என்றால் ஒரு சின்ன அடையாளம் உண்டு. 2021 டிசம்பரிலிருந்து வயது வந்த குடிமக்கள் எல்லாரையும் வாக்காளர் பட்டியலில் தானாகவே சேர்த்துவிடுகிறார்கள். தேர்தல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் பழைய ஐசி எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். அந்த எண் மறந்திருக்காது, நடுவில் பேராக்கின் 08 வரும். உங்கள் பெயர் அங்கே இருந்தால் பதிவு இலாகா உங்களை இன்னும் விடவில்லை என்று ஓரளவு யூகிக்கலாம். இது குறிப்புதான், அத்தாட்சி அல்ல.

பழைய ஐசி விஷயம் சுருக்கமாக. குடியுரிமையைத் துறந்தவர் ஐசியை ஒப்படைத்திருக்க வேண்டும். ஏதோ காரணத்தால் ஒன்று வீட்டில் தங்கிவிட்டது என்றால் தூதரகத்தில் கொடுத்துவிடுங்கள். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்பவர்களும் உண்டு. ஞாபகம் என்றால் அலமாரியிலேயே இருக்கட்டும் என்றுகூடச் சொல்ல மாட்டேன். கைப்பையில் வந்துவிட்டால் எங்காவது ஒரு முகப்பில் அவசரத்துக்கு அதை நீட்டத் தோன்றும். பிரஜை இல்லாதவர் பிரஜையின் ஐசியை நீட்டுவதுதான் இந்தக் கதையிலேயே உண்மையான ஆபத்து.

கை எங்கே தானாக ஐசியைத் தேடும் என்பதை என் அக்காவிடம் பார்த்தேன். அக்கா சிங்கப்பூர்ப் பிரஜை. ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவள் ஹோட்டலில் அறை எடுத்தாள். முகப்பில் நம் பிள்ளை ஒருத்திதான் இருந்தாள். "ஆன்ட்டி, சுற்றுலா வரி பத்து வெள்ளி. நீல ஐசி இருந்தா வேணாம்," என்றாள். 2017-லிருந்து ஹோட்டலில் தங்கும் வெளிநாட்டவர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) கட்டுகிறார்கள், அதைத்தான் கேட்டாள். நீல ஐசி என்பது பிரஜைகளுக்கு உரியது. அக்கா பர்ஸைத் திறந்து, ஐசி இருந்த அறையில் விரலை விட்டு, வெறும் விரலோடு வெளியே எடுத்தாள். "நான் பத்து காஜாவுல பொறந்தவம்மா," என்றாள். அந்தப் பெண் என்ன செய்வாள், சிரித்தாள். அக்கா ஒரு சிவப்பு நோட்டை எடுத்து வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். மறுநாள் தாலி கட்டி முடியும்வரை அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பணம் அவளுக்கு ஒரு பொருட்டே அல்ல.

இந்த மாதிரிச் சின்னச் சின்ன இடங்கள்தான் உங்களுக்கும் தட்டுப்படும். அரசாங்கக் கிளினிக்கில் உங்கள் அம்மா ஒரு வெள்ளி கொடுத்து மருந்து வாங்கி வருவார். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் வெளிநாட்டவர் கட்டணம், ஆகவே பயணக் காப்புறுதி இல்லாமல் வராதீர்கள். 2025 செப்டம்பர் 30-லிருந்து ஐசி காட்டும் மலேசியர்களுக்கு ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி. வாடகைக் காரை நீங்களே ஓட்டிக்கொண்டு பம்புக்குப் போனால் அந்த விலை கிடையாது. அண்ணன் வந்தால் அவர் ஐசியோடு அவர் காரிலேயே போய்விடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். உள்ளே வருவதைவிட, திரும்பிப் போகும்போது மாட்டிக்கொள்வதுதான் அதிகத் தொல்லை. மலேசியாவில் வேலை பார்த்த காலத்து வருமான வரி பாக்கி இருந்தால், பாக்கிதாரரை நாட்டை விட்டுப் போகாமல் தடுக்க வருமான வரிச் சட்டத்தின் 104-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. கடப்பிதழின் நிறம் மாறினாலும் பாக்கி பாக்கிதான். படிப்புக் கடன் பாக்கி, திவால் விவகாரம் இருந்தாலும் டிக்கெட் போடுவதற்கு முன்பே விசாரித்துத் தீர்த்துவிடுங்கள்.

அடுத்து வீடு. இதில் நீங்கள் பயந்த அளவுக்கு மோசமில்லை. முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் போனால் 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம்தான் கணக்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி தாத்தா உயிரோடு இல்லை என்றால், மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. நீங்கள் எழுதியபடி பிள்ளைகள் இரண்டே பேர் என்றால் அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் சமபங்கு. வாரிசு எந்த நாட்டுப் பிரஜை என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை, மகள் மகள்தான். முடிச்சு விழுவது கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், பெயர் ஏற்றும்போது. பிரஜை அல்லாதவர் நிலம் வாங்க மாநில அரசின் அனுமதி வேண்டும் என்று தேசிய நிலச் சட்டத்தில் 433பி என்ற பிரிவு இருக்கிறது. மலிவு விலை வீடு என்றால் அதற்குமேல் தனிக் கட்டுப்பாடுகளும் இருக்கும். ஆகவே கிராண்டின் நகலை எடுத்துக்கொண்டு நில அலுவலகத்துக்கு நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். என் அனுபவத்தில் பெரும்பாலான குடும்பங்கள் வேறு வழியில் முடித்துக்கொள்கின்றன. வெளிநாட்டுப் பிள்ளை தன் பங்கை அம்மாவுக்கோ உள்ளூரில் இருப்பவருக்கோ விட்டுக்கொடுத்துவிடும். அப்படிச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. செய்வதென்றால் அண்ணன் நீட்டும் காகிதத்தில் வாசற்படியில் நின்று கையெழுத்துப் போடாமல், உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞர் படித்துச் சொன்ன பிறகு போடுங்கள். முப்பது வருஷத்தில் அண்ணன் தங்கை பேச்சு நின்ற கதைகள் எத்தனையோ பார்த்துவிட்டேன், அதில் முக்கால்வாசி அந்த வாசற்படிக் கையெழுத்தில் தொடங்கியவை. பங்கு உங்கள் பெயரில் ஏறி, பிறகு விற்றால் இன்னொரு வித்தியாசம் உண்டு. ஐந்து வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்கும் மலேசியருக்குச் சொத்து லாப வரி இப்போது இல்லை. பிரஜை அல்லாதவர் அப்போதும் லாபத்தில் 10 விழுக்காடு கட்ட வேண்டும், ஐந்து வருஷத்துக்குள் என்றால் 30 விழுக்காடு.

நில அலுவலகமோ சேம நிதியோ, எங்கே போனாலும் முதலில் இடிப்பது பெயர்தான். பிறப்புப் பத்திரத்தில் உங்கள் பெயரும் 'ஏ/பி' (இன்னாரின் மகள்) போட்டு அப்பா பெயரும் இருக்கும். ஆஸ்திரேலியக் கடப்பிதழில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி முன்னால் போயிருக்கும், அல்லது கணவர் பெயர் வந்திருக்கும். கம்ப்யூட்டருக்கு அது இரண்டு ஆள். சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் 'இவரும் அவரும் ஒருவரே' என்று ஒரு பிரமாணம் எடுத்து, நாலைந்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் பிறப்புப் பத்திரம், அப்பாவின் இறப்புப் பத்திரம், கல்யாணச் சர்ட்டிபிகேட் எல்லாவற்றுக்கும் உறுதிசெய்த நகல் எடுத்துவிடுங்கள். ஊழியர் சேம நிதியில் பழைய வேலைக் காலத்துப் பணம் கிடந்தால், குடியுரிமையைத் துறந்தவர் முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் அந்தத் துறந்த கடிதம்தான் வேண்டும். அப்படியே அப்பாவின் தகரப் பெட்டியையும் ஒருமுறை கிளறிப் பாருங்கள். 1960-ல் அன்றைய அமைச்சர் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி வாங்கிய பங்குகள் எத்தனையோ பெட்டிகளில் தூங்குகின்றன.

அம்மாவுக்கு முடியாமல் போய் 90 நாளுக்கு மேல் இருக்க வேண்டி வந்தால், கெடு முடிவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் நீட்டிப்புக் கேளுங்கள். கொடுப்பது அவர்கள் விருப்பம். கெடு தாண்டிவிட்டு மன்னிப்புக் கேட்பதைவிட அது எவ்வளவோ மேல். இந்தியா தன் வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டை மாதிரி, முன்னாள் பிரஜைக்கென்று மலேசியாவில் ஓர் அட்டை இல்லை. 'மலேசியா இரண்டாவது இல்லம்' என்ற நீண்டகாலத் தங்கல் திட்டம் இருக்கிறது, ஆனால் அதன் 'சில்வர்' பிரிவுக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத் தொகை கேட்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு அது எங்கே கட்டுப்படியாகும். குடியுரிமையையே திரும்பக் கேட்கலாமா என்றால், துறந்தவரை மறுபடி பதிவு செய்ய மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்று 18-ஆம் பிரிவு சொல்கிறது. கதவு சட்டத்தில் மூடவில்லை. திறந்து நான் பார்த்ததும் இல்லை.

ஊரில் உங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டுக்காரி என்று யாரும் ஒதுக்க மாட்டார்கள். 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு வேலை பெர்மிட் கெடுபிடியில் குடியுரிமை இல்லாத தோட்டத்து ஜனம் சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் சிலர் பிறகு சுற்றுலா விசாவில் வந்து, தாங்கள் பால் வெட்டிய மரத்தைத் தேடியதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. வேறு ஒன்றுக்குத்தான் நீங்கள் தயாராக வேண்டும். எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பாட்டி வருவார். தோட்டத்திலேயே பிறந்தவர், மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டின் சுதந்திரத்துக்கு, முன். 1957 ஆகஸ்ட் 31-லிருந்து, 1962 அக்டோபருக்கு முன்வரை பிறந்தவர்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை கிடைத்தது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் மனுப் போட வேண்டும், கொஞ்சம் மலாய் தெரிந்திருக்க வேண்டும், பிறந்ததற்கு அத்தாட்சி வேண்டும். இவர் பிறந்ததைத் தோட்டத்துக் கிராணி எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. ஆயுசு முழுக்க, பிரஜை அல்லாத நிரந்தரவாசிக்குக் கொடுக்கும் சிவப்பு ஐசிதான். ஒருநாள் நான் உங்களைப் போன்ற ஒருவரின் போராங் கே நகலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அது என்ன பாரம் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏன் தம்பி, அந்தப் பொண்ணு வேணாம்னு குடுக்கிற நீல ஐசிய என் பேருக்கு மாத்திக் குடுக்க முடியாதா?" என்றார். கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

சரி, இப்போதைக்கு டிக்கெட் போட வேண்டாம். புத்ராஜெயாவிலிருந்து வந்த கடிதம் வீட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். இருந்தால் அதில் உள்ள பெயரும் கடப்பிதழில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.